நோயும் நோக்கும்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

ஒரு நோயின் வரலாறு என்றால், அதன் கிருமி, அதைக் கண்டறிந்த அறிஞர், அதற்கு வந்த மருந்து ஆகிய மூன்றோடு நம் பாடநூல்கள் நிறுத்திக்கொள்கின்றன. நோயுற்றவரை எங்கே படுக்க வைத்தார்கள், அவருக்கு என்ன உணவு கொடுத்தார்கள், யார் வந்து பார்த்தார்கள், யார் வருவதை நிறுத்திக்கொண்டார்கள் என்பனவும் வரலாறே. சொல்லப்போனால், நோயாளியின் வாழ்வை நாள்தோறும் தீர்மானித்தவை இவைதாம்.

காசநோயை எடுத்துக்கொண்டு இதனைச் சிறிது ஆராய விரும்புகிறேன். மருத்துவம் பயிலாத வரலாற்று மாணவன் இதைப் பற்றி எழுதலாமா என்று நண்பர்கள் கேட்டனர். நான் எழுதப் போவது நுரையீரலைப் பற்றியன்று. அந்த நுரையீரலுக்கு உரியவரை உலகம் எவ்வாறு பார்த்தது என்பது பற்றியே. ஒவ்வொரு காலத்திலும் காசநோயாளி எத்தகையவர் என்று சமூகம் கருதியதோ, அதற்கேற்பவே அவருக்குரிய மருத்துவமும் அமைந்தது. இதுவே இக்கட்டுரையின் கருத்து.

பெயரில் உறைந்த அச்சம்

நம் முன்னோர் இந்நோயைச் சயம் என்றனர். எலும்புருக்கி என்றும் சொன்னார்கள். உடல் தேய்வதைக் கண்ணால் கண்டு வைத்த பெயர்கள் இவை. ஆயுர்வேதம் இதனை இராசயட்சுமா என்கிறது. இப்பெயருக்கு ஒரு புராணக் கதை உண்டு. தட்சனின் இருபத்தேழு பெண்களை மணந்த சந்திரன், உரோகிணி ஒருத்தியிடமே அன்பு காட்டினான். மற்றப் பெண்கள் தந்தையிடம் முறையிட்டனர். தட்சன், 'தேய்ந்து போவாயாக' என்று சாபமிட்டான். சந்திரனைப் பிடித்த அந்தத் தேய்வே மனிதருக்கும் நோயாக வந்தது என்பது கதை.

கதை அழகானதுதான். ஆயினும் அதற்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. தேய்கிறவன் ஏதோ தவறு செய்தவன் என்பதே அத்தீர்ப்பு. நோயைச் சாபம் என்று கொண்டால், நோயாளி குற்றவாளி ஆகிவிடுகிறார். குற்றவாளிக்கு மருந்தைவிடப் பரிகாரமே முதலில் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. பெயர் வைக்கும்போதே சிகிச்சையின் திசையும் பாதி முடிவாகிவிடுகிறது.

ஒரே நோய், இரண்டு தீர்ப்புகள்

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியை எடுத்துக்கொள்வோம். அக்காலத்தில் இந்நோயின் காரணம் ஒருவருக்கும் தெரியாது. இங்கிலாந்து, பிரான்சு முதலிய வடபகுதிகளில், இது பிறப்பிலேயே மெலிந்த உடலமைப்பு உள்ளவர்க்கு வருவது, குடும்ப வழியாகத் தொடர்வது என்று மருத்துவர்கள் நம்பினர். நுண்ணிய உணர்வும் கலைத்திறனும் உடையவரையே இது தேடிவரும் என்ற எண்ணமும் பரவியிருந்தது. வெளுத்த முகமும் மெலிந்த கையும் அழகின் அடையாளம் ஆயின. தென்பகுதியாகிய இத்தாலியிலும் ஸ்பெயினிலுமோ இது ஒட்டுநோய் என்ற நம்பிக்கை உறுதியாக இருந்தது. ஸ்பெயினில் 1751ஆம் ஆண்டிலேயே இந்நோயாளிகளை மருத்துவர்கள் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்றும், இறந்தவரின் உடைமைகளை எரிக்க வேண்டும் என்றும் ஆணை பிறந்தது.

இவ்விரு நம்பிக்கைகளுக்கும் இடையே அகப்பட்டவர்களுள் ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் ஒருவர். அவர் மருத்துவமும் பயின்றவர். 1820இல் இருமலோடு வந்த இரத்தத்தைக் கண்டவுடனே தம் முடிவை உணர்ந்துகொண்டார். அக்கால முறைப்படி அவருடைய உடலிலிருந்து இரத்தத்தை வெளியேற்றினர். உணவையும் வெகுவாகக் குறைத்தனர். வெப்பமான காற்றை நாடி உரோம் நகருக்குச் சென்ற அவர் 1821 பிப்ரவரியில், தம் 25ஆம் வயதில், இறந்தார். அவர் இறந்ததும் அந்நகரின் சட்டப்படி அறையிலிருந்த பொருள்களை எரித்தனர், சுவர்களையும் சுரண்டினர். அவருடைய நாட்டில் இரக்கத்திற்குரிய மென்மையாகக் கருதப்பட்ட நோய், இறந்த ஊரில் எரித்து அழிக்க வேண்டிய நஞ்சாகக் கருதப்பட்டது.

இசை மேதை ஷோப்பேனின் அனுபவமும் இத்தகையதே. 1838ஆம் ஆண்டு குளிர்காலத்தை மயோர்க்கா தீவில் கழிக்க அவர், எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டுடனும் அவருடைய பிள்ளைகளுடனும் சென்றார். இருமல் விடவில்லை. மருத்துவர்கள் வந்து பார்த்துச் சென்ற பின் செய்தி ஊருக்குள் பரவியது. வீட்டுக்காரர் உடனே காலி செய்யச் சொன்னார். சுண்ணாம்பு அடிக்கும் செலவும் படுக்கையின் விலையும் அவர்கள் தலையில் விழுந்தன. மலைமீது பாழடைந்து கிடந்த ஒரு மடத்தில் அவர்கள் தங்க நேர்ந்தது. ஊர் திரும்பும்போது பன்றிகளை ஏற்றிச் சென்ற கப்பலில்தான் இடம் கிடைத்தது. பாரிஸ் நகரின் மாளிகைகள் வரவேற்ற அதே மனிதருக்கு, சில நாள் கடல்வழிக்கு அப்பால் ஒரு வாடகை வீடு கிடைக்கவில்லை. நோய் மாறவில்லை; பார்த்த கண்களே மாறின.

கிருமி கண்டபின்

1882 மார்ச் 24ஆம் நாள் பெர்லினில் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தார். மனிதரில் ஏழில் ஒருவர் இந்நோயால் இறக்கின்றனர் என்பது அன்று அவர் சொன்ன கணக்கு. சாபமும் குடும்பக் குறையும் பொய்யாயின என்று உலகம் ஆறுதல் கொண்டிருக்க வேண்டும். ஆனால் நேர்ந்தது வேறு. கிருமியைப் பார்க்க நுண்ணோக்காடி வேண்டும். நோயாளியைப் பார்க்க வெறுங்கண்ணே போதும். ஆகவே கிருமியிடம் கொள்ள வேண்டிய அச்சத்தை மக்கள் நோயாளியிடம் கொண்டனர். மென்மையின் அடையாளமாக இருந்த நோய், சேரியின் நோய், அழுக்கின் நோய், கண்ட இடத்தில் துப்புகிறவனின் நோய் என்று பெயர் பெற்றது.

இக்காலத்தில் வளர்ந்த அமைப்பே சானடோரியம். இதன் தொடக்கம் கோக்குக்கும் முந்தியது. 1850களில் ஹெர்மன் பிரேமர் என்னும் மருத்துவர் சைலீசியா மலைப்பகுதியில் இத்தகைய இல்லத்தை நிறுவினார். அவரிடம் நோயாளியாக வந்து, பின்பு மாணவரான டெட்வைலர் 1876இல் பால்கன்ஸ்டைனில் மற்றொன்றைத் தொடங்கினார். அமெரிக்காவில் இந்நோய்க்குத் தாமே ஆளான ட்ரூடோ 1885இல் சாரனாக் லேக் என்னும் ஊரில் சிறு குடிலில் பணியை ஆரம்பித்தார். தூய காற்று, நிறைந்த உணவு, முழு ஓய்வு ஆகிய மூன்றுமே மருந்து. பனி பெய்யும் காலத்திலும் தாழ்வாரத்தில் கம்பளி போர்த்திப் படுத்திருக்க வேண்டும்.

இவ்வில்லங்கள் பலருக்கு அன்பும் அமைதியும் தந்தன என்பதை மறுக்க இயலாது. ஆயினும் காற்றோடு கட்டுப்பாடும் சேர்ந்தே வந்தது. படுக்கும் நேரம், எழும் நேரம், பேசலாமா கூடாதா என்பவற்றை எல்லாம் விதிகள் தீர்மானித்தன. இங்கிலாந்தின் பிரிம்லி சானடோரியத்தில் மருத்துவர் பேட்டர்சன், படிப்படியான உழைப்பை மருந்தாக வகுத்தார். முதலில் நடை, பின்பு கூடை சுமத்தல், பின்பு மண்வெட்டி வேலை என்று நோயாளிகள் உயர வேண்டும். உழைக்கும் வகுப்பினர் நெடுநாள் ஓய்ந்திருந்தால் சோம்பேறிகள் ஆகிவிடுவர் என்ற கவலையும் அம்முறைக்குப் பின்னால் இருந்தது. செல்வர்க்கு ஓய்வு மருந்தாயிற்று. ஏழைக்கு உழைப்பு மருந்தாயிற்று. இருவருக்கும் இருந்த கிருமி ஒன்றே.

கணித மேதையும் குளிர் அறையும்

இந்த வரலாற்றில் நம்மவர் ஒருவரும் இடம்பெறுகிறார். கணித மேதை இராமானுசன் 1917ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நோயுற்றார். காசநோய் என்று மருத்துவர்கள் கருதினர். மெண்டிப் குன்றுகளில் இருந்த ஒரு சானடோரியத்திலும், டார்பிஷயர் வட்டாரத்தின் மேட்லாக் என்னும் இடத்திலும் அவர் தங்க நேர்ந்தது. கும்பகோணத்தின் வெயிலில் வளர்ந்தவருக்குத் திறந்த சாளரங்களும் குளிர்காற்றும் மருந்தாகத் தரப்பட்டன. மரக்கறி மட்டுமே உண்ணும் அவருக்கு உணவு பெருந்துன்பமாயிற்று. 1919இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32ஆம் வயதில் காலமானார்.

அவருடைய நோய்க்குறிகளை ஆராய்ந்த ஆய்வாளர் ஒருவர், அது காசநோயாக இருந்திராது, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாகவே இருக்கக்கூடும் என்று 1994இல் வாதிட்டார். இதில் நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. காசம் என்ற பெயர் ஒருமுறை சூட்டப்பட்டுவிட்டால், அதன்பின் குளிர் அறை, தனிமை, கட்டுப்பாடு எல்லாம் தாமாகவே பின்தொடர்ந்தன. அந்த மனிதருக்கு எது ஏற்கும் என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று.

மெண்டிப் குன்றுச் சானடோரியத்தை நடத்தியவர் டேவிட் சௌரி முத்து என்ற நம் நாட்டு மருத்துவரே. தாயகம் திரும்பிய அவர் 1928இல் தாம்பரத்தை அடுத்து ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இன்றும் மின்சார இரயிலில் செல்வோர் தாம்பரத்திற்கு அருகே 'சானடோரியம்' என்ற நிலையத்தைக் கடக்கிறார்கள். மருத்துவம் தந்த இல்லத்தின் பெயர் ஒரு காலத்தில் வாய்விட்டுச் சொல்ல அஞ்சும் பெயராக இருந்தது. அங்கே போனவர் திரும்பமாட்டார் என்ற எண்ணமே அதற்குக் காரணம். மருந்து இல்லாத காலத்தில் அவ்வெண்ணம் முழுப் பொய்யும் அன்று.

சென்னை அளித்த விடை

1943இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. 1948இல் அம்மருந்தின் பயனை முறையான ஆய்வு ஒன்று பிரிட்டனில் மெய்ப்பித்தது. அதே 1948இல்தான் நம் சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன் காசநோயால் தம் 42ஆம் வயதில் திருவனந்தபுரத்தில் மறைந்தார். மருந்து பிறந்ததற்கும் அது மக்களின் கைக்கு எட்டியதற்கும் இடையில் விழுந்த உயிர்கள் எத்தனையோ! 1952இல் ஐசோனியாசிட் வந்தது. விலை குறைந்தது, வாயால் விழுங்கத் தக்கது.

இப்பொழுது புதிய கேள்வி எழுந்தது. இந்தியாவில் நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தனர். சானடோரியப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன? ஆகாது என்றே பலரும் எண்ணினர். ஏழைகளுக்கு நல்ல உணவு இல்லை. ஒரே அறையில் பலர் படுக்கிறார்கள். படிப்பறிவில்லாதவர்கள் ஓராண்டுக் காலம் ஒழுங்காக மருந்து விழுங்குவார்களா. வீட்டிலுள்ளோர்க்கும் நோய் பரவிவிடாதா என்றெல்லாம் ஐயங்கள் எழுந்தன. இவற்றில் சில மருத்துவ ஐயங்கள். சில ஏழையைப் பற்றிய ஐயங்கள்.

இக்கேள்விக்கு விடை காண 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அதை நடத்தின. வாலஸ் பாக்ஸ் என்னும் மருத்துவர் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் பெற்றனர். மற்றப் பிரிவினர் தம் வீட்டிலேயே, தம் கஞ்சியைக் குடித்துக்கொண்டு, தம் பாயிலேயே படுத்தனர். மருந்து இரு சாராருக்கும் ஒன்றே. வீட்டிலிருப்போர் ஒழுங்காக விழுங்குகிறார்களா என்பதைச் சிறுநீர்ச் சோதனையாலும், முன்னறிவிப்பின்றிச் சென்று மாத்திரைகளை எண்ணியும் கண்காணித்தனர்.

1959இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டின் இறுதியில் வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 86 பேருக்கும், சானடோரியப் பிரிவில் நூற்றுக்கு 92 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்தில் இருந்தோரின் உடல் எடை கூடுதலாக ஏறியது உண்மை. ஆயினும் குணம் அடைவதில் பெரும் வேறுபாடு இல்லை. அதைவிட முக்கியமானது மற்றொரு முடிவு. நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் வரும் ஆபத்து அதிகமாகவில்லை. மருந்து தொடங்குமுன்பே பரவியதுதான் பெரும்பகுதி. மருந்து தொடங்கியபின் பரவும் ஆற்றல் விரைவில் குன்றிவிடுகிறது.

நூற்றாண்டு காலம் மலையையும் காற்றையும் மதிலையும் நம்பிய மருத்துவ உலகம் இதனால் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. பல நாடுகளில் சானடோரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. இந்தியா 1962இல் தேசியக் காசநோய்த் திட்டத்தை வீட்டுச் சிகிச்சையின் அடிப்படையிலேயே வகுத்தது. சென்னையின் குடிசைகளில் வாழ்ந்த, பெயர் தெரியாத அந்நோயாளிகள் உலக மருத்துவத்துக்கு அளித்த கொடை இது. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்பதை மெய்ப்பித்தவர்கள் அவர்களே. இராமானுசன் கண்மூடிய சேத்துப்பட்டில்தான் அந்நிலையம் இன்றும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்கி வருகிறது.

தனி டம்ளர்

சானடோரியத்தின் மதில் இடிந்தது. வீட்டுக்குள் வேறொரு மதில் எழுந்ததைத்தான் யாரும் அளக்கவில்லை. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எங்கள் உறவிலேயே கண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மாவுக்கு இந்நோய் வந்தது. எங்கள் ஊரிலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தும், அவர் இரண்டு ஊர் தள்ளிப் போய்த்தான் மாத்திரை வாங்குவார். மாத்திரைகளை அரிசிப் பானைக்குள் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். கேட்டவர்களுக்கு 'வயிற்றுப் புண்ணுக்கு' என்று பதில். என் அக்காவின் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. பெண் வீட்டில் டி.பி. என்று தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று அவர் அஞ்சினார். யாரும் சொல்லாமலே தமக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் ஒதுக்கிக்கொண்டார். ஆறு மாதம் ஒரு வேளையும் தவறாமல் மருந்து சாப்பிட்டு முழுக் குணம் அடைந்தார். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். 'இனி எல்லாரோடும் சாப்பிடலாமே பெரியம்மா' என்றேன். 'இருக்கட்டும்டா, பழகிப்போச்சு' என்றார். அந்த டம்ளர் இன்றும் தனியாகத்தான் இருக்கிறது.

இந்நோய் தட்டினாலும் டம்ளராலும் பரவுவதில்லை. இருமும்போதும் தும்மும்போதும் காற்றின் வழியே பரவுகிறது. ஆகவே தனி டம்ளரால் ஒருவருக்கும் காப்பு இல்லை. சாளரத்தைத் திறந்து வைப்பதும், வாயை மூடி இருமுவதும், மருந்தை விரைவில் தொடங்குவதுமே காப்பு. ஒளிப்பதால் நேரும் கேடோ பெரிது. ஒளிக்க எண்ணுகிறவர் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப் போடுவார். தள்ளிப் போடும் ஒவ்வொரு வாரமும் கிருமி அருகிலிருப்போரிடம் செல்கிறது. ஊர் பேசும் பேச்சுக்கு அஞ்சி மாத்திரையைப் பாதியில் விட்டால், மருந்துக்கு மசியாத கிருமி உருவாகிறது. நாம் காட்டும் வெறுப்பு நோயைத் தடுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அதை வளர்க்கிறோம்.

சொல்லும் ஒரு மருந்து

மருத்துவத் துறையின் சொற்களும் இப்பழைய நோக்கிலிருந்து விடுபட நெடுங்காலம் ஆயிற்று. மருந்தை இடையில் நிறுத்தியவரை 'டிஃபால்ட்டர்' என்று பதிவேட்டில் எழுதினார்கள். வங்கியில் கடன் தவணை தவறியவரைக் குறிக்கும் அதே சொல். நோய் இருக்கலாம் என்று பரிசோதிக்கப்படுகிறவரைச் 'சஸ்பெக்ட்' என்றார்கள். அது காவல் நிலையத்துச் சொல். 2013இல் உலக சுகாதார நிறுவனம் இச்சொற்களைக் கைவிட்டு, தொடர்பு விட்டுப்போனவர், நோய் இருக்கக்கூடியவர் என்னும் பொருள்படும் சொற்களை ஏற்றது.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று தள்ளிவிடக் கூடாது. 'தவறியவர்' என்று எழுதினால், அவரை ஏன் கண்டிக்கவில்லை என்ற கேள்வி பிறக்கும். 'தொடர்பு விட்டுப்போயிற்று' என்று எழுதினால், ஏன் விட்டுப்போயிற்று, கூலி வேலையை விட்டுவிட்டு மருந்துக்கு வர முடியவில்லையா, பேருந்துக்குக் காசில்லையா, உணவில்லாமல் மாத்திரை குமட்டுகிறதா என்ற கேள்விகள் பிறக்கும். முதற் கேள்வி நோயாளியைத் திருத்த முயல்கிறது. பின்னவை ஏற்பாட்டைத் திருத்த முயல்கின்றன. சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் அரசு வழங்குவது இத்தகைய கேள்வியின் பயனே எனலாம்.

முடிவுரை

சாபம், மென்மை, அழுக்கு, ஒழுங்கின்மை என்று காசநோயாளியின் மேல் காலந்தோறும் ஒரு பெயர் ஒட்டப்பட்டது. பரிகாரம், பட்டினி, மதில், கட்டுப்பாடு என்று அதற்கேற்ற சிகிச்சையும் வந்தது. ஏழையின் வீட்டையும் ஏழையின் சொல்லையும் நம்பி ஓராய்வு நடந்தபோதுதான் நோயாளி நோயாளியாக மட்டும் பார்க்கப்பட்டார்; அது நம் சென்னையில் நடந்தது என்பது நமக்குப் பெருமை. ஆனால் உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இன்றும் இந்தியர் என்பதும் உண்மை. பெருமையோடு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

நம் கல்லூரி விடுதியிலோ வகுப்பிலோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிற நண்பர் ஒருவர் இருக்கலாம். அவரைவிட்டு நகர்ந்து உட்காருவது எளிது. அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை என்று சொல்லி, அவரோடு ஒருநாள் வரிசையில் நிற்பதற்குப் பெரிய துணிவு ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு முற்பகல் வகுப்பை விட்டால் போதும். அதற்கு விடுப்புத் தர நம் பேராசிரியர்கள் மறுக்கமாட்டார்கள் என்றே நம்புகிறேன்.